கேட்டவர்களை விரட்டிவிட்டு, கேட்டதைக் கொடுத்த அரசு: பூட்டான் அகதிகளின் போராட்டம்

கேள்வி: பூட்டானில் மன்னரே மனமுவந்து மக்களாட்சியைக் கொடுத்துவிட்டார் என்று படித்தேன். அப்புறம் ஏன் வெளிநாடுகளில் இருக்கும் பூட்டான் அகதிகள் இத்தனை வருடங்களாக ‘அமைதியான ஜனநாயகப் போராட்டம்’ என்று அறைகூவல் விடுகிறார்கள்? நாட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, கையில் ஆயுதமும் இல்லாமல், ஓர் அரசரை எதிர்த்து என்னதான் சாதிக்க முடியும்?

பதில்:

2008-ல் அரசர் கொடுத்தது எதுவோ, அதைத்தான் அந்த மக்கள் 1990-ல் கேட்டார்கள். எழுதப்பட்ட அரசியலமைப்பு, கட்சிகள், தேர்தல், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட முடியாட்சி. கேட்டதற்காக வீடும் நிலமும் குடியுரிமையும் பறிபோய் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார்கள். பதினெட்டு வருடம் கழித்து அவர்கள் கேட்டது பூட்டானுக்குள் வந்தது. அவர்கள் மட்டும் நேபாளத்தில் மூங்கில் குடிசைகளில் இருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

யார் இவர்கள்? பூட்டானின் தெற்கு எல்லையை ஒட்டிய அடிவாரக் காடுகளைத் திருத்தி, நெல்லும் ஏலக்காயும் ஆரஞ்சும் பயிரிட்ட நேபாளி மொழி பேசும் விவசாயிகள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அங்கே குடியேறியவர்கள். ‘தெற்கத்தியர்’ என்ற பொருளில் இவர்களை லோட்சாம்பா என்று அழைப்பார்கள். பெரும்பாலோர் இந்துக்கள். வடக்கிலும் மேற்கிலும் இருப்பவர்கள் ஜோங்கா பேசும் பௌத்தர்கள். அரச குடும்பமும் அதிகார வர்க்கமும் அந்தப் பக்கத்துக்காரர்கள். 1958-ல் வந்த குடியுரிமைச் சட்டம் தெற்கத்தியர்களுக்கும் குடியுரிமை கொடுத்தது. அடுத்த முப்பது வருடத்தில் அவர்களில் பலர் ஆசிரியர்களாகவும் அரசு ஊழியர்களாகவும் அரசரின் ஆலோசகர்களாகவும்கூட ஆனார்கள்.

அதன் பிறகுதான் ரசீதுப் பிரச்சினை வந்தது. 1985-ல் புதிய குடியுரிமைச் சட்டம் போட்டார்கள். 1958 டிசம்பர் 31-க்குள் பூட்டானில் வசித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். 1988-ல் தெற்கு மாவட்டங்களில் மட்டும் கணக்கெடுப்பு நடந்தது. ஊர்ப் பொதுவிடத்தில் மேசை போட்டு உட்கார்ந்த அதிகாரிகள் கேட்டது 1958-ஆம் வருடத்து நிலவரி ரசீதை. அதற்கு முந்தைய வருட ரசீது இருக்கிறதே என்றால், அது போதாது என்று தள்ளிவிட்டதாகப் பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். கையில் அரசாங்கமே கொடுத்த குடியுரிமை அட்டை இருந்தாலும் ரசீதைத்தான் கேட்டார்கள். மழைக்காட்டில், ஓலைக் கூரையின் கீழே, எழுதப்படிக்கத் தெரியாத ஒரு விவசாயி முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு துண்டுக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று ஓர் அரசு எதிர்பார்த்தது!

மக்களை எஃப்-1 முதல் எஃப்-7 வரை ஏழு வகையாகப் பிரித்தார்கள். எஃப்-1 என்றால் உண்மையான பூட்டானியர், எஃப்-7 என்றால் அந்நியர். ஒரே வீட்டில் அப்பா ஒரு வகை, அம்மா இன்னொரு வகை, பிள்ளைகள் வேறொரு வகை என்று ஆனது. ரசீது இல்லையென்றால் விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கிக்கொள்ளலாமே என்று சட்டம் ஒரு வழி விட்டிருந்தது. ஆனால் அதற்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று, அரசரையோ நாட்டையோ மக்களையோ எதிர்த்து எந்த வகையிலும் பேசியதாகப் பதிவு இருக்கக் கூடாது என்பது. ஜனநாயகம் கேட்ட யாரும் இந்த வாசலில் நுழைய முடியாது.

இதற்கு முதல் எதிர்ப்பு எந்த வடிவத்தில் வந்தது என்று பாருங்கள். உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. 1988 ஏப்ரலில், அரச ஆலோசனைக் குழுவில் தெற்கின் பிரதிநிதியாக இருந்த டேக் நாத் ரிசால் அரசரிடம் ஒரு மனு கொடுத்தார். கணக்கெடுப்பு நடக்கும் முறையால் மக்கள் கலங்கிப்போயிருக்கிறார்கள், சட்டத்தை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று மிகப் பணிவாகக் கேட்ட மனு அது. குடிமகன் ஒருவன் தன் அரசனிடம் முறையிடுவது பழைய மரபுதானே. அந்த மனுவையே ராஜத்துரோகம் என்றார்கள். ரிசால் பதவியிழந்து, கைதாகி, விடுதலையாகி, கடைசியில் நேபாளத்துக்குப் போய்விட்டார். 1989 நவம்பரில் அங்கிருந்து பிடித்துக் கொண்டுவந்து சிறையில் போட்டார்கள். நான்கு வருடம் கழித்து, 1993-ல்தான் ஆயுள் தண்டனை விதித்தார்கள். 1999 டிசம்பரில் வெளியே வரும்போது சிறையில் பத்து வருடம் போயிருந்தது. மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி அவரை மனசாட்சிக் கைதி, அதாவது கருத்துக்காகவே சிறைப்பட்டவர் என்று அறிவித்திருந்தது.

இதற்கிடையில் அரசு ‘ஒரே நாடு, ஒரே மக்கள்’ என்ற கொள்கையைக் கையிலெடுத்தது. 1989-லிருந்து பள்ளிகளில் நேபாளி மொழிப்பாடம் நின்றது. குளிர்ப் பிரதேசத்துக்கான ஆடைகளான கோவும் கிராவும் வெயில் கொளுத்தும் தெற்கிலும் கட்டாயம் என்றானது, உடுத்தாதவர்களுக்கு அபராதம். 1990-ல் பக்கத்து நேபாளத்தில் மக்கள் கிளர்ந்தெழுந்து, ‘பஞ்சாயத்து’ என்ற பெயரில் கட்சிகளுக்கு இடமில்லாமல் நடந்த மன்னராட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் செய்தி எல்லை தாண்டி வந்தது. அந்த ஆண்டு ஜூனில் பூட்டான் மக்கள் கட்சி உருவானது. செப்டம்பரில் தெற்கு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போனார்கள். அவர்கள் முன்வைத்தவை 13 கோரிக்கைகள். முடியாட்சியை ஒழி என்று அதில் எங்கேயும் இல்லை. முடியாட்சி அரசியலமைப்புக்குக் கட்டுப்பட வேண்டும், குடியுரிமைச் சட்டத்தைத் திருத்த வேண்டும், அரசியல் கைதிகளை விடுவிக்க வேண்டும், மொழிக்கும் உடைக்கும் மதத்துக்கும் உரிமை வேண்டும். இவ்வளவுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலகட்டத்தில் வன்முறையே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பள்ளிகளும் அரசுக் கட்டடங்களும் எரிந்தன. அரசின் பக்கம் நின்றதாகக் கருதப்பட்டவர்கள் தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டவர்களும் உண்டு. போராட்டத்தை ஆதரிப்பவர்கள் இதை மழுப்பிவிட்டுப் போவது எனக்குப் பிடிப்பதில்லை. அந்தச் சம்பவங்கள்தான் மொத்தச் சமூகத்தையும் ‘ங்கோலோப்’, அதாவது துரோகிகள் என்று முத்திரை குத்துவதற்கு அரசுக்கு வசதியாகப் போயின. ஊர்வலத்தில் போனவர்களோடு வயலில் நின்றவர்களும் துரோகிகள் ஆனார்கள்.

தெற்கில் பள்ளிகளை மூடினார்கள். சிலவற்றை ராணுவ முகாமாக்கினார்கள், சிலவற்றில் மக்களை அடைத்துவைத்துச் சித்திரவதை செய்தார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, அரசு வேலைக்குப் போக, எல்லாவற்றுக்கும் போலீஸிடம் தடையில்லாச் சான்றிதழ் வேண்டும். வீட்டில் ஒருவர் ஊர்வலத்துக்குப் போயிருந்தாலும், உறவினர் யாராவது நாட்டைவிட்டுப் போயிருந்தாலும் அது கிடைக்காது. அப்புறம் ஒரு படிவம் வந்தது. ‘நான் என் விருப்பத்தின் பேரில் நாட்டைவிட்டுப் போகிறேன்’ என்று எழுதிய படிவம். கையெழுத்துப் போடச் சொல்லி, சொற்பத் தொகையைக் கையில் கொடுத்து, புகைப்படம் எடுத்தார்கள். எடுக்கும்போது சிரிக்கச் சொன்னார்கள். பாட்டன் காலத்து வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, அதிகாரியின் முன்னால் நின்று சிரித்தோம் என்று முகாம்களில் எத்தனையோ பேர் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். எப்போது படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனம் நின்றுவிடுகிறது.

லாரிகளில் ஏற்றப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தது நேபாளம். பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் பொது எல்லை கிடையாது. நடுவே இந்தியாவின் மேற்கு வங்கம் இருக்கிறது. 1991-ல் நேபாளத்தின் ஜாபா மாவட்டத்தில், மாய் ஆற்றின் கரையில், பிளாஸ்டிக் தாளுக்கும் சாக்குக்கும் கீழே ஆயிரக்கணக்கானோர் கிடந்தார்கள். குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் அம்மையிலும் இறந்தன. அந்த ஆண்டு பிற்பகுதியில் ஐ.நா. அகதிகள் ஆணையம் பொறுப்பெடுத்தது. பெல்டாங்கி, கோல்டாப், திமாய், குதுனாபாரி, சனிஸ்சரே என்று முகாம்கள் எழுந்தன. ஒரு கட்டத்தில் அவற்றில் 1,08,000 பேர் இருந்தார்கள். பூட்டானின் மக்கள் தொகையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு என்று கணக்கிடுவார்கள்.

முகாம் பள்ளிகளில் அகதி ஆசிரியர்களே பாடம் நடத்தினார்கள். அங்கே ஜோங்கா மொழியும் சொல்லிக்கொடுத்தார்கள்! தங்கள் தாய்மொழியை வகுப்பறையிலிருந்து நீக்கிய அரசின் மொழி அது. ஆனாலும் திரும்பிப் போகும்போது பிள்ளைகளுக்கு நாட்டு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். பூட்டானை வெறுத்தவர்கள் செய்கிற காரியம் இல்லை இது.

அமைதிப் போராட்டம் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆள்பலமோ துப்பாக்கியோ இல்லை என்பது ஒரு பக்கம் உண்மைதான். அதைவிடப் பெரிய காரணம், அவர்கள் கையில் இருந்த ஒரே பிடிமானம் ‘நாங்களும் இந்த நாட்டின் குடிமக்கள்’ என்ற வாதம் மட்டுமே. பூட்டான் சொன்னது, இவர்கள் அந்நியர்கள், பயங்கரவாதிகள். ஆயுதம் தூக்கிய மறுநாளே அரசின் வாதம் ஜெயித்துவிடும். அதனால் அரசரிடம் முறையீடு, உண்ணாவிரதம், பாதயாத்திரை, சத்தியாகிரகம் என்றே போனார்கள். சத்தியாகிரகம் அங்கே புதுச் சொல் இல்லை. 1950-களிலேயே பூட்டான் ஸ்டேட் காங்கிரஸ் என்ற கட்சி தெற்கில் அதை நடத்தி, துப்பாக்கிச் சூட்டைச் சந்தித்திருக்கிறது. ஆயுதமே தீர்வு என்று முகாம் இளைஞர்களில் ஒரு சிறு கூட்டம் 2003 வாக்கில் மாவோயிஸ்ட் பாதைக்குப் போனதும், 2008-ல் சில இடங்களில் குண்டு வெடித்ததும் நடந்தது. அதனால் ஒரே ஒரு குடும்பம்கூட ஊர் திரும்பவில்லை. உள்ளே மிச்சமிருந்த தெற்கத்தியர்கள்மீது சந்தேகம்தான் கூடியது.

இப்போது மேச்சி பாலத்துக்கு வருவோம். மேச்சி ஆறுதான் அங்கே இந்தியா-நேபாள எல்லை. இந்தப் பக்கம் பானிடங்கி, அந்தப் பக்கம் காக்கர்பிட்டா. ரிக்‌ஷாவிலும் நடந்தும் காய்கறி மூட்டையோடு நாள் முழுக்க ஜனங்கள் போய்வரும் பாலம். இந்தியருக்கும் நேபாளியருக்கும் விசா கேட்க மாட்டார்கள். இந்தியாவுக்குள் வரப் பூட்டானியருக்கும் விசா தேவையில்லை. 1996 ஜனவரியில் சுமார் 150 அகதிகள் அமைதி யாத்திரையாகக் கிளம்பினார்கள். அரசர் ஜிக்மே சிங்யே வாங்சுக்கிடம் நேரில் மனு கொடுப்பது அவர்கள் திட்டம். அங்கிருந்து பூட்டானின் எல்லை நகரமான புன்ட்சோலிங் 150 கிலோமீட்டருக்கும் மேல். பாலத்தைத் தாண்டியதும் மேற்கு வங்கப் போலீஸ், தடையுத்தரவை மீறியதாகக் கைது செய்தது. மாதக்கணக்கில் சிறை. அடுத்தடுத்து வந்த குழுக்களுக்கும் அதே கதிதான்.

இதில் ஓர் இந்தியனாக எனக்கு வெட்கம் உண்டு. பூட்டானிலிருந்து அந்த மக்களை ஏற்றிவந்த லாரிகள் நம் மண் வழியாகத்தான் நேபாளத்துக்குப் போயின. அப்போது யாரும் தடுக்கவில்லை. அதே சாலையில் திரும்பி நடந்தபோது தடுத்தார்கள். ‘இது பூட்டானும் நேபாளமும் பேசித் தீர்க்க வேண்டிய பிரச்சினை’ என்பது தில்லியின் நிலைப்பாடு. பூட்டானுக்கு மிக அதிகமாக நிதியுதவி செய்யும் நாடு இந்தியா. அங்கே உற்பத்தியாகும் நீர்மின்சாரத்தை வாங்குவதும் இந்தியா. நாம் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் பூட்டானின் தலைநகர் திம்புவில் கேட்டிருக்கும். நேபாளத்திலிருந்து புறப்படும் எந்த அமைதிப் போராட்டமும் பூட்டானை எட்டுவதற்கு முன்பே நம் எல்லையில் முடிந்துவிடும் என்ற நிலைதான் அந்த இயக்கத்தின் முதுகெலும்பை முறித்தது. உப்புச் சத்தியாகிரகத்துக்குக் கடற்கரை வரை போகவாவது வழி இருந்தது. இவர்களுக்குத் தங்கள் அரசரின் கண்ணில் படவே வழியில்லை.

இது நேபாளி பேசுகிறவர்களின் பிரச்சினை மட்டும் என்று நினைத்தால் தப்பு. கிழக்குப் பூட்டானின் ஷார்சோப் மக்கள் பௌத்தர்கள். அவர்களில் ஒருவரான ரோங்தோங் குன்லே டோர்ஜி சித்திரவதைக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, 1994-ல் காத்மாண்டுவில் துருக் தேசிய காங்கிரஸைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் தெற்கத்தியர்களோடு சேர்ந்து ஐக்கிய முன்னணியும் அமைத்தார். 1997-ல் கிழக்கில் ஜனநாயகம் கேட்டு எழுந்த போராட்டத்தில் பலர் கைதானார்கள். ஒரு பௌத்தப் பூசகர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு டோர்ஜியை தில்லியில் கைது செய்தார்கள். பூட்டான் அவரைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொன்னது. ஒரு வருடத்துக்கு மேல் சிறை, பிறகு ஜாமீன், வருடக்கணக்கில் இழுத்த வழக்கு. ஊருக்குத் திரும்பாமலே 2011-ல் காங்டோக்கில் இறந்தார். பூட்டான் மக்கள் கட்சியின் தலைவர் ஆர்.கே. புடாதோக்கி 2001-ல் நேபாளத்தின் டமக் நகரில் கொலையுண்டார். நாடு கடந்த தலைவர்களின் வாழ்க்கை இப்படித்தான் முடிந்தது.

பேச்சுவார்த்தையும் நடக்காமல் இல்லை. நேபாளமும் பூட்டானும் 1993-லிருந்து பத்து வருடத்தில் பதினைந்து சுற்றுகள் பேசின. 2001-ல் குதுனாபாரி முகாமில் மட்டும், அங்கிருப்பவர்கள் பூட்டானியர்தானா என்று இரு நாட்டுக் கூட்டுக் குழு சரிபார்த்தது. முடிவு 2003-ல் வந்தது. 12,183 பேரில் கட்டாயமாக வெளியேற்றப்பட்ட பூட்டானியர் என்று ஒப்புக்கொண்டது வெறும் 293 பேரை. 8,595 பேர் ‘தாமாக நாட்டைவிட்டுப் போனவர்கள்’. சிரிக்கச் சொல்லி எடுத்த புகைப்படமும் அந்தப் படிவமும் எதற்கு என்பது இப்போது விளங்கும். அவர்கள் திரும்பி வந்தாலும் புதிதாகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றது பூட்டான். அந்த டிசம்பரில் முகாமில் இதை விளக்கிய பூட்டான் அதிகாரிகள்மீது கொதித்துப்போன கூட்டத்தில் சிலர் கல்லெறிந்தார்கள். அதிகாரிகள் போனார்கள், திரும்பி வரவே இல்லை. பதின்மூன்று வருடப் பொறுமை ஒரு மதியத்தில் கைநழுவியது. பூட்டானுக்குத் தேவையான சாக்கு கிடைத்துவிட்டது.

2006-ல் அமெரிக்கா 60,000 பேரை ஏற்கத் தயார் என்றது. முகாம்கள் இரண்டாகப் பிளந்தன. போனால் தாய்நாட்டின் மீதான உரிமையைக் கைவிட்டதாக ஆகும் என்றார்கள் ஒரு பக்கம். பிள்ளைகளின் ஆயுளும் குடிசையிலேயே கழியவேண்டுமா என்றார்கள் மறுபக்கம். இரண்டுமே நியாயம். ஆனால் வெளிநாடு போக விரும்பியவர்களை மிரட்டியதும் அடித்ததும் நியாயமே இல்லை. அரசரிடம் கருத்துரிமை கேட்டவர்கள் பக்கத்துக் குடிசைக்காரருக்கு அதை மறுத்தார்கள். 2007 மே மாதம் மீண்டும் ஒரு நெடும்பயணம் மேச்சி பாலத்துக்கு வந்தது. இந்தியப் படையினர் சுட்டதில் ஓர் அகதி உயிரிழந்தார். அதன் பிறகு விமானங்கள் கிளம்பத் தொடங்கின. மொத்தம் 1,13,000 பேருக்கு மேல் எட்டு நாடுகளுக்குப் போனார்கள். பெரும்பாலோர் அமெரிக்காவுக்கு, ஒஹையோவிலும் பென்சில்வேனியாவிலும் இன்று அவர்களுடைய கடைகளும் கோயில்களும் இருக்கின்றன. ஆறாயிரத்துச் சொச்சம் பேர் நேபாள முகாம்களிலேயே தங்கிவிட்டார்கள்.

சரி, 2008-க்கு வருவோம். மார்ச்சில் தேர்தல், ஜூலையில் அரசியலமைப்பு. அதன் பிறகு ஆளும் கட்சி தோற்றிருக்கிறது, ஆட்சி மாறியிருக்கிறது, தெற்கத்தியர்களும் எம்.பி. ஆகியிருக்கிறார்கள். இதெல்லாம் உண்மையான முன்னேற்றம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரசியலமைப்பின் ஆறாவது பிரிவை எடுத்துப் பாருங்கள். 1958 டிசம்பர் 31 என்ற தேதி அங்கே அப்படியே இருக்கிறது. சாதாரணச் சட்டமாக இருந்த ரசீது, நாட்டின் உச்சச் சட்டத்திலேயே ஏறிவிட்டது. வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. நாட்டின் ஒரு பகுதி மக்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்த ஜனநாயகம் அது. போராட்டம் இன்னும் ஏன் என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான்.

என்ன சாதித்தார்கள்? ஊர் திரும்பவில்லை. அந்த அளவில் தோல்விதான், வேறு பெயர் வைக்க வேண்டாம். ஆனால் ‘தாமாகப் போனவர்கள்’ என்ற கதையை உலகம் முழுதாக நம்பிவிடாமல் செய்தது அவர்கள்தான். மூங்கில் குடிசைக்குள் தகரப் பெட்டியில் வைத்துக் காத்த வரி ரசீதுகளும் குடியுரிமை அட்டைகளும் நிலப் பத்திரங்களும் ஆராய்ச்சியாளர்கள் கைக்கும் மனித உரிமை அமைப்புகள் கைக்கும் போயின. 2008-ல் அரசர் இறங்கிவந்ததில் 1990-க்கு எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோரிக்கைப் பட்டியலில் பலவும் பிற்பாடு அரசின் சொந்த வாசகமாகவே ஆனது.

இன்றைக்கு அவர்கள் முன்வைக்கும் கோரிக்கைகளில் மிக அவசரமானது சிறைக்கைதிகள். 2023-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 37 அரசியல் கைதிகளின் விவரத்தை வெளியிட்டது. 1990-களில் பிடிபட்டு, பரோல் இல்லாத ஆயுள் தண்டனையில் கிழவர்களாகிப் போனவர்கள் அதில் உண்டு. மனைவி மக்கள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கிறார்கள். மன்னிப்பு வழங்கும் அதிகாரம் இன்றும் அரசரிடம் இருக்கிறது. அகதிகள் இன்றும் எழுதிக்கொண்டிருப்பது அவருக்கான மனுக்களைத்தான்.

2025 மார்ச்சில் இன்னொன்று நடந்தது. அமெரிக்காவில் குடியேறியவர்களில், குற்ற வழக்குகளில் தண்டனை பெற்ற சிலரை அந்நாட்டு அரசு விமானத்தில் ஏற்றிப் பூட்டானுக்கு அனுப்பியது. முப்பது வருடத்துக்கும் மேலாகக் கேட்டுக் கிடைக்காத தாய்மண். பூட்டான் அவர்களை உள்ளே வைத்துக்கொள்ளவில்லை. ஓரிரு நாளில் எல்லைக்குக் கொண்டுபோய் இந்தியாவுக்குள் விட்டுவிட்டது. அவர்களில் சிலர் மேற்கு வங்கத்தைக் கடந்து, மேச்சி ஆற்றைத் தாண்டி, தாங்கள் வளர்ந்த பெல்டாங்கி முகாமுக்கே வந்து சேர்ந்தார்கள். நேபாளப் போலீஸ், சட்டவிரோதமாக நுழைந்ததாக அவர்களைப் பிடித்துவைத்தது. வழக்கு நேபாள உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர்களுடைய பெற்றோரை லாரியில் ஏற்றிவந்ததும் அந்த வழியில்தான்.